என் ஓட்டு புரட்டாசிக்கே



கோடியக்கரைக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் மார்கழி, தை என்பார்கள். பூநாரைக் கூட்டம் பார்க்க அதுதான் காலம், மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு புரட்டாசிக்கே. வெயில் சுள்ளென்று அடிக்கும், உப்பளத்து வெளிச்சத்தில் கண் கூசும், கொசுவுக்கும் குறைவில்லை. இருந்தாலும் புரட்டாசிதான்.

சைபீரியத் தூந்திரத்தில் குஞ்சு பொரிக்கும் உள்ளான்கள், அங்கே கோடை முடியும் முன்பே இங்கே வரப் புறப்பட்டுவிடுகின்றன. அவற்றுள் மூக்கு கீழ்நோக்கி வளைந்த ஓர் உள்ளான் உண்டு. அதன் குடும்பக் கதை விசித்திரமானது. பெட்டை அடைகாக்க உட்கார்ந்ததுமே ஆண் கிளம்பிவிடும்; குஞ்சுகள் தேறியதும் தாயும் போய்விடும். பிறந்து சில வாரங்களே ஆன இளசுகள், வழிகாட்டப் பெரியவர்கள் யாருமின்றி, பின்னால் வந்து சேர்கின்றன. புரட்டாசிச் சேற்றில் இரண்டு தலைமுறையையும் சேர்த்தே பார்க்கலாம். பெரியவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். இளசுகளின் முதுகிறகுகளுக்கு வெளிர் ஓரம், மீன் செதில் மாதிரி. மார்கழியில் போனால் எல்லாம் ஒரே சாம்பல்தான்.

பக்கத்திலேயே ஓடித் திரியும் கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். அதுவும் ஆர்க்டிக்கிலிருந்து வந்ததுதான்.

சதுப்பை ஒட்டிய காட்டையும் விட்டுவிடாதீர்கள். இலங்கைக்குக் கடல் தாண்டும் ஆறுமணிக்குருவிகள் அங்கே புதர்நிழலில் களைப்பாறும். வெளிமானுக்காக 1967-இல் சரணாலயமான இடம் இது. 2022 வரை தமிழகத்தின் ஒரே ராம்சார் தலமாகவும் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) இருந்தது.

ஒரு வேண்டுகோள். படத்துக்காக உள்ளான் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். பயணத்தில் கரைந்த கொழுப்பை மீட்க அவை நாள் முழுக்க மேய வேண்டும். ஒவ்வொரு முறை பறப்பதும் அவற்றுக்கு நஷ்டமே. பறவைக் குரலை செல்போனில் ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். சதுப்புக்குள் செல்ல வனத்துறை அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடியக்கரை தூரம் என்பவர்கள் உள்ளூர் ஏரிக்கரைக்கே போகலாம். பின்புறத்தை ஆட்டியபடி நடக்கும் உள்ளான் ஒன்றாவது அங்கே நிச்சயம் வந்திருக்கும். எந்த ஊர், எந்த ஏரி, என்றைக்கு முதலில் பார்த்தீர்கள் என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஐப்பசி இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்