இலவச லேண்ட்லைனுக்கும் பொறுப்பாளி வேண்டும்

சென்னையின் கொட்டிவாக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வரும் இளைஞர், பெட்டியைச் சுவரில் மாட்டி, வேகத்தைக் கைபேசியில் அளந்து காட்டிவிட்டுக் கிளம்பும்போது வழக்கமாக ஒன்று சொல்வார்: "லேண்ட்லைனும் இருக்கு சார், அது ஃப்ரீ." ஒரு போன் வாங்கிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் செருகினால் போதும். 044 எண் வந்துவிடும், பேசுவதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த 'ஃப்ரீ'யில்தான் குறை இருக்கிறது என்பது நம் கருத்து. சும்மா கிடைப்பதால் அதை யாரும் தொலைபேசியாகவே நினைப்பதில்லை. கொடுக்கிற நிறுவனம் நினைப்பதில்லை, விதி வகுக்கிற தொலைத்தொடர்புத் துறை நினைப்பதில்லை, வாங்குகிற நாமும் நினைப்பதில்லை.

பழைய செம்புக்கம்பி லேண்ட்லைன் ஏன் கரண்ட் போனாலும் அடித்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அதே கம்பி வழியாக வீடு வரை வந்துகொண்டிருந்தது. பேட்டரிக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். வீட்டில் இருட்டாக இருந்தாலும் கம்பி அறுபடாதவரை டயல் டோன் கேட்கும். ஃபைபரில் வருவது வெறும் ஒளி. அதை ஒலியாக மாற்றும் பெட்டிக்கு நம் வீட்டு பிளக்கிலிருந்துதான் மின்சாரம் வேண்டும். தொலைபேசிக்கு மின்சாரம் கொடுக்கிற பொறுப்பு இப்படி எக்ஸ்சேஞ்சிலிருந்து நம் வரவேற்பறைக்கு இடம் மாறிவிட்டது. இதை எந்த விண்ணப்பப் படிவமும் கொட்டை எழுத்தில் சொல்வதில்லை.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பழைய மகாபலிபுரம் சாலை. நடுவில் இருக்கிற கொட்டிவாக்கத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது தென்சென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போது பாதுகாப்புக்காகவே மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதோடு பல இடங்களில் கைபேசியிலும் டவர் போனது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஆறு வழிச்சாலையாக்கும் வேலை, மழைநீர் வடிகால் வேலை என்று தோண்டுவது ஓயாத தெருக்களில் கேபிள் அறுபடுவதும் பழகிப்போன ஒன்று. "எல்லாரிடமும் கைபேசி இருக்கிறதே, லேண்ட்லைன் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கைபேசிக் கோபுரமும் பேட்டரியையும் டீசலையும் நம்பித்தான் நிற்கிறது. புயல் இரவில் இரண்டு வழிகள் இருந்தால் ஒன்றாவது திறந்திருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் இந்தக் கடலோரக் குடியிருப்புகளில் நிறையப் பேர். கண் மங்கி, விரல் நடுங்கும் ஒருவருக்குத் தொடுதிரையைத் தடவி எண்ணைத் தேடுவதைவிடப் பெரிய பொத்தான் போன் எத்தனையோ மேல்.

நம் நாட்டில் இணையத் தொலைபேசியின் வரலாறே தயக்கத்தின் வரலாறு. 2002 மார்ச் வரை வெளிநாட்டு அழைப்புகள் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஏகபோகம். இணையம் வழியாகப் பேசுவது சட்டவிரோதம். 2002 ஏப்ரல் 1 முதல் கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேச அனுமதி வந்தது. ஆனால் கணினியிலிருந்து மயிலாப்பூரில் இருக்கும் லேண்ட்லைனை அழைக்கக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2008-லேயே இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தும் அரசு அசையவில்லை. 2017 அக்டோபரில் டிராய் மீண்டும் பரிந்துரைக்க, 2018 ஜூனில்தான் துறை ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு 'விங்ஸ்' சேவையை அறிவித்தது. எந்த நிறுவனத்தின் இணையத்திலிருந்தும் ஒரு செயலி மூலம் சாதாரண எண்களை அழைக்கலாம் என்பது அப்போது பெரிய செய்தி.

அந்த 2017 பரிந்துரையில் ஒரு பத்தியை மட்டும் நாம் ஏற்க முடியாது. அவசர எண்களை அழைக்கும் வசதியைத் தர நிறுவனங்களை ஊக்குவிக்கலாம், இப்போதைக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம், அந்த வரம்பைச் சந்தாதாரருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றது டிராய். கட்டாயம் வேண்டாம் என்று விட்டதே தவறு. சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து வரும் நிலையான 044 இணைப்புக்கு முகவரி உண்டு. ஆனால் செயலியில் வரும் எண்ணுக்கும், கூடவே எடுத்துச்செல்லும் பெட்டிக்கும் முகவரி கிடையாது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் ஒரு சிறு அடாப்டரைக் கொண்டுவந்து பெற்றோர் வீட்டு ரூட்டரில் செருகிவிட்டுப் போவது நமக்குத் தெரிந்த பழக்கம். பேரக்குழந்தையோடு பேச அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சுவலி வந்த நேரத்தில் அதை எடுத்து 108 என்று அழுத்தினால் ஆம்புலன்ஸ் வராது. அந்தக் கருவி தான் நியூஜெர்சியில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

இந்த ஆபத்தை அமெரிக்கா ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து கற்றது. 2005 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டில் கொள்ளையர் புகுந்து பெற்றோரைச் சுட்டார்கள். மகள் இணையத் தொலைபேசியை எடுத்து 911 அழைத்தாள். அந்த இணைப்பில் 911 போகாது என்ற பதிவுக் குரல்தான் அவளுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு மே மாதம், சாதாரணத் தொலைபேசி வலையோடு இணைந்த எல்லா இணையத் தொலைபேசிகளும் அவசர அழைப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. 2015-ல் அதே ஆணையம், மின்வெட்டில் 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை வாடிக்கையாளர் கேட்டால் விற்றாக வேண்டும் என்றது. பிரிட்டனில் செம்புக்கம்பி வலையை மூடுவதற்கான கெடு 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. தனியாக வாழும் முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் புதிய இணைப்பில் வேலை செய்யாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு மின்வெட்டில் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்கும் வழி இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று அந்நாட்டின் ஆஃப்காம் 2018-லேயே வழிகாட்டியது. இங்கே செம்புக்கம்பி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குக் கெடுவும் இல்லை, நிபந்தனையும் இல்லை.

அடுத்தது எண். இரண்டில் தொடங்கும் எட்டு இலக்க எண்ணைப் பல வருடமாக வைத்திருக்கும் வீடு என்றால், அது குடும்ப டாக்டரிடம் இருக்கும், காப்பீட்டுப் பத்திரத்தில் இருக்கும், வயதான அக்காவின் நினைவில் இருக்கும். நினைவு தப்பத் தொடங்கிய ஒருவர் கடைசிவரை மறக்காத எண் அதுவாகவும் இருக்கலாம். பி.எஸ்.என்.எல். செம்புக்கம்பியிலிருந்து அதே பி.எஸ்.என்.எல். ஃபைபருக்கு மாறினால் எண்ணைத் தக்கவைக்க வழி உண்டு. வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் போய்விடும். கைபேசி எண்ணை எடுத்துக்கொண்டு நிறுவனம் மாறும் உரிமை 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. 2015 ஜூலையில் மாநிலம் தாண்டியும் விரிந்தது. லேண்ட்லைனுக்கு மட்டும் இன்றுவரை இல்லை. செம்புக்கம்பி எக்ஸ்சேஞ்சில் முடிந்த காலத்தில் இதற்குத் தொழில்நுட்பக் காரணம் சொன்னார்கள், கேட்டுக்கொண்டோம். இன்று குரல் இணையத்தில் பொட்டலமாகப் போகிறது, எண் என்பது ஒரு சர்வரில் பதிந்த வரி. இனியும் அந்தக் காரணம் செல்லாது. அமெரிக்காவில் 1996 சட்டத்திலேயே இந்த உரிமை உண்டு. எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்வது வாடிக்கையாளரைப் பிடித்து வைத்துக்கொள்வதே. போட்டி வளர்ந்துவிட்டது என்று பேசும் துறை இதை முதலில் செய்திருக்க வேண்டும்.

'ஃப்ரீ' என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. லேண்ட்லைன் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று டிராயின் 2009 விதிமுறை சொன்னது. ஏழு நாள் வாடகை, பதினைந்து நாள் வாடகை, ஒரு மாத வாடகை என்று படிப்படியாக. வாடகையே பூஜ்யம் என்றால் எதில் கழிப்பது? இணைய வேகம் சரியாக இருக்கிறதே, போன்தானே போயிருக்கிறது என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்வார்கள். ஆகவே தொலைபேசிக்கு மாதம் பத்து ரூபாயாக இருந்தாலும் பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று கோருகிறோம். இலவசத்தை வேண்டாம் என்று சொல்வது வினோதமாகத் தெரியலாம். பத்து ரூபாய் கொடுத்தவருக்குக் கேட்கிற உரிமை இருக்கிறது.

தொலைத்தொடர்புத் துறை செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, உரிம நிபந்தனையில் சில வரிகள் போதும். 044 எண் தரும் எந்த நிறுவனமும் 8 மணி நேர பேட்டரியை அடக்க விலைக்குத் தர வேண்டும், தனியாக வாழும் முதியவர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். கரண்ட் போனால் இது வேலை செய்யாது என்ற எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட்டுப் பெட்டியின் மேலேயே ஒட்ட வேண்டும். லேண்ட்லைன் எண்ணை எடுத்துக்கொண்டு நிறுவனம் மாறும் உரிமைக்கு ஒரு தேதியை அறிவிக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாது, அடுத்த ஐப்பசி வந்துவிடும். வாங்குகிறவர் கேட்க வேண்டியது 100 எம்.பி.பி.எஸ்.ஸா 300-ஆ என்பதல்ல. ஒரு குரல் அழைப்புக்கு ஏறக்குறைய 100 கே.பி.பி.எஸ். போதும். முதலில் ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருகிறதா என்று பாருங்கள். சில அடுக்குமாடிகளில் ஃபைபர் மாடிப்படி ஓரத்தில் இருக்கும் ஒரு பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு வருவது சாதாரண லேன் கேபிள். அந்தப் பெட்டி கட்டடத்தின் பொது மீட்டரிலிருந்து மின்சாரம் எடுப்பதாக இருந்தால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயன் இல்லை. ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வந்தால், இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி பெரும்பாலும் இருக்காது. வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிச் செருகினால் சில மணி நேரம் ஓட்டலாம். ஃபைபர் ஒரு நிறுவனம் என்றால் கைபேசி சிம் வேறு நிறுவனமாக இருக்கட்டும். ஒரே நிறுவனத்தின் கோபுரமும் வீட்டு இணைப்பும் ஒரே கேபிளை நம்பியிருக்கக்கூடும். வீட்டுக்குள் டவர் கிடைக்காதவர்கள் கைபேசியில் வைஃபை அழைப்பை இயக்கிக்கொள்ளலாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய வசதி அது, தனிக் கட்டணம் இல்லை.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதன் மேல்முறையீட்டு அதிகாரி என்று போகலாம். அதோடு நிற்க வேண்டியதில்லை. தொலைபேசிப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

இணைப்புக் கொடுக்க வரும் இளைஞரிடம் ஒரே ஒரு காரியம் கேளுங்கள். அவர் கிளம்பும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அந்த லேண்ட்லைனிலிருந்து உங்கள் கைபேசிக்கு ஒரு அழைப்புப் போட்டுக் காட்டட்டும். கைபேசி எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து அழுத்த வேண்டும், 2021 ஜனவரி 15 முதல் அதுதான் முறை. மணி அடித்தால் இணைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அடிக்காவிட்டால், பேட்டரிக்கு என்ன ஏற்பாடு என்பதைப் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.