நாலு செட் சீருடையும் படர்தாமரையும்

1/ பள்ளிக்கூடத்துக்குச் சீருடை வேணுமா, வேண்டாமான்னு அடிக்கடி சண்டை நடக்குது. நான் வேணும்ங்கிற கட்சி. ஆனா அது பிள்ளைகளோட தோலை என்ன பண்ணுதுன்னு பேச ஆள் இல்லை. ஒரு டாக்டரா அதைச் சொல்றேன்.

2/ ஏன் வேணும்? சாதி, மதம், வசதின்னு எந்த வித்தியாசமும் வகுப்புல தெரியக் கூடாதுன்னுதான் காமராஜர் ஆட்சியில இலவசச் சீருடை வந்துச்சு. 2012-ல இருந்து, சத்துணவு சாப்பிடுற 1 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 4 செட்.

3/ இந்த 4 ரொம்ப முக்கியமான எண்ணிக்கை. ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில, ஒண்ணு பெட்டியில இருந்தாத்தான் பிள்ளை தினமும் காய்ஞ்ச துணி போட முடியும்.

4/ தனியார் பள்ளியில படிக்கிற ஏழைப் பிள்ளைக்கு இந்த வசதி இல்லை. விலை கட்டுப்படியாகாம ரெண்டு செட்டோட நிறுத்திடுவாங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில ராத்திரி துவைச்சது காலையில காயுமா? "கலர் டிரஸ்ல வந்தா வெளியில நிக்கணும்"னு பயந்து ஈரத்தோடயே மாட்டிட்டு ஓடும்.

5/ ஈரம், வியர்வை, சூடு, உரசல். படர்தாமரைங்கிற பூஞ்சைத் தொற்றுக்கு இது போதும். சீருடைத் துணியில பாலியஸ்டர் அதிகமா இருந்தா காத்து புகாது, வியர்வையும் சீக்கிரம் உறியாது. இறுக்கமான பேன்ட், பெல்ட், நாள் முழுக்க ஷூ-சாக்ஸ் எல்லாம் சேர்ந்தா தொடை இடுக்கு, இடுப்பு, விரல் இடுக்குதான் முதல்ல பாதிக்கும்.

6/ அடுத்து நடக்கிறதுதான் பெரிய ஆபத்து. இடம் அப்படிங்கிறதால பிள்ளை வெக்கப்பட்டுச் சொல்லாது. தெரிஞ்சதும் மெடிக்கல் ஷாப்ல ஒரு டியூப் வாங்கித் தடவுவாங்க. அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா ரெண்டே நாள்ல அரிப்பு அடங்கும். ஆனா உள்ள பூஞ்சை பரவிட்டே இருக்கும். தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு கோடு கோடா தழும்பு விழும். அந்தத் தழும்பு முழுசா மறையாது.

7/ பெற்றோருக்கு:
அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க, பூஞ்சை மருந்து இலவசம். அரிப்பு நின்னதும் நிறுத்தாதீங்க, டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்க.
வீட்ல யாருக்கு இருந்தாலும் சேர்ந்து வைத்தியம் பாருங்க. துண்டு ஆளுக்கு ஒண்ணு.
சீருடையை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி திருப்பி வெயில்ல காயப் போடுங்க. மழைக்காலத்துல சூடா இஸ்திரி போடுங்க.
ஸ்கூல் விட்டு வந்ததும் குளிச்சு, துவட்டி, பருத்தித் துணி மாத்துங்க.

8/ பள்ளிகளுக்கு:
நிறத்தை மட்டும் சொல்லுங்க. துணியைப் பெற்றோர் எங்க வேணா வாங்கட்டும், பருத்தி அதிகமா இருக்கட்டும்.
வெயில் காலத்துல டை, பெல்ட், ஷூ வேண்டாம். செருப்பு போதும்.
மழை நாள்ல கலர் டிரஸ்ல வந்த பிள்ளையை வெளியில நிறுத்தாதீங்க.

9/ நம்ம கூரத்துக்குப் பக்கத்துல இருக்கிற காஞ்சிபுரம் நெசவுக்குப் பேர் போன ஊர். எந்த வெயிலுக்கு எந்தத் துணின்னு நம்ம ஆளுங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணப் புடவைக்கு இழை எண்ணிப் பார்த்து வாங்குற நாம, பிள்ளை தினமும் எட்டு மணி நேரம் போடுற துணியையும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்போம்.

உங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல இதைப் பகிருங்க.