கருஞ்சருமமும் டெர்மாஸ்கோப்பும்

மாதவரத்துக் கிடங்குகளிலும் மணலி, எண்ணூர் ஆலைகளிலும் சிமெண்டையும் எண்ணெயையும் கையாண்டு பிழைப்போரின் உள்ளங்கை தடித்துச் செதிலுதிர்ந்து வெடிக்கும்போது, அது கரப்பானா, சோரியாசிஸா, படர்தாமரையா என்று நிர்ணயிக்க டெர்மாஸ்கோப் என்னும் சிறு உருப்பெருக்கி நமக்குப் பயன்படாதென்று ஒரு வாதம் நிலவுகிறது. அவ்வாதத்திற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. மூன்றும் உறுதியற்றவை என்பதே என் துணிபு.

முதலாவது, மச்சத்தில் தோன்றும் புற்றைக் காண்பதற்கே அக்கருவி என்பதும், அப்புற்று நம்மிடையே அரிதென்பதும். ஒன்றுக்கென வளர்ந்த கருவி வேறொன்றுக்கும் பயன்படுதல் வைத்திய சாஸ்திரத்தில் சகஜமே. ஏறக்குறையப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் அக்கண்ணாடியில், சோரியாசிஸ் வெண்செதிலையும் அதன் கீழே சமமாய்ப் பரவிய இரத்தநாளப் புள்ளிகளையும், கரப்பான் மஞ்சள் நிறச் செதிலையும் பொருக்கையும் ஆங்காங்கே திட்டாய் நிற்கும் புள்ளிகளையும் காட்டும்.

இரண்டாவது, நமது கரிய சருமத்தின் நிறமி அந்நாளங்களை மறைத்துவிடும் என்பது. இதில் ஓரளவு உண்மையுண்டு; எனினும், உழைப்பாளியின் நோய் பெரும்பாலும் குடிகொள்ளும் உள்ளங்கையில் நிறமி குறைவு; செதில் மறைப்பின், சிறிது எண்ணெய் தடவிப் பார்க்கலாம். லைக்கன் பிளேனஸ் நோயில், 1895-ஆம் ஆண்டு விக்காம் என்னும் பிரெஞ்சு வைத்தியர் விவரித்த வெண்கோடுகளோ, கரிய பின்னணியிலும் புலப்படுகின்றன.

மூன்றாவது, பழகிய கண்ணே போதும், சந்தேகமெனில் ஒரு ஸ்டீராய்டு களிம்பு தடவிப் பார்க்கலாம் என்பது. மூன்றிலும் அபாயமானது இதுவே. ஸ்டீராய்டு படர்தாமரையின் சிவப்பை அடக்கி, அதன் வளைய விளிம்பைக் கலைத்து, உள்ளே பூஞ்சையைச் செழிக்கவிடும். அதன்பின் தேர்ந்த கண்ணும் ஏமாறும். இக்களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென மத்திய அரசு 2018-இல் விதித்ததும் இத்தகைய கேடுகளைக் கருதியே. அவ்வாறு உருமாறிய படையிலுங்கூட, பூஞ்சை பற்றிய பூனைமயிர்கள் வளைந்தும், இடையிடையே வெளிறி முறிந்தும் கண்ணாடியில் அகப்படுவதுண்டு.

கருவி ஒன்றே தீர்ப்பளிக்கும் என்று நான் வாதிக்கவில்லை. பூஞ்சையை ஐயுற்றால் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தலும், ஒவ்வாமைக்குப் பேட்ச் டெஸ்டும், மரத்துப்போன தேமலில் தொழுநோய்ச் சோதனையும், ஐயம் தீராவிடில் சதைத்துணுக்குப் பரிசோதனையும் அவசியமே. ஆனால் இவற்றுள் எது யாருக்கு வேண்டும் என்பதைக் கத்தியும் வலியுமின்றிச் சில நிமிஷங்களில் உணர்த்த வல்ல ஒரு சாதனம், ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாட்கூலியை இழக்க நேரும் தொழிலாளியின் பகுதிச் சுகாதார நிலையத்திலேயே, அதைக் கையாளப் பயின்ற மருத்துவரோடு இருத்தல் வேண்டும். உறுதியற்ற மூன்று காரணங்களைக் காட்டி அதை அத்தொழிலாளிக்கு மறுப்பது தர்மமாகாது.