ஆமை முட்டைக்குக் காவலன் யார்?

அகநானூற்று நெய்தற் பாட்டொன்று அரியதொரு காட்சியைக் காட்டுகின்றது. சூல் முற்றிய ஆமை கரையேறி, அடம்பங்கொடி படர்ந்த மணலிலே முட்டைகளை ஈன்று புதைத்துச் செல்கின்றது. குஞ்சுகள் வெளிவரும் வரை ஆண் ஆமை அவற்றைக் காத்து நிற்கின்றது. கடற்கரையை உற்றுநோக்கிய அப்புலவர் முதற்பகுதியைச் சரியாகவே கண்டார். காவல் என்பது மட்டும் அவருடைய நெஞ்சின் விருப்பம். ஆண் கடலாமை முட்டையைக் காக்கக் கரைக்கு வருவதில்லை. தாயும் குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பினால் மீண்டும் அதனை எட்டிப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய இரண்டு மாத காலம் நூறளவான முட்டைகள் துணையின்றி மணலுள் கிடக்கின்றன. புலவர் கற்பித்த காவலனின் இடம் இன்றும் வெற்றிடமே. அவ்விடத்தில் யாரை நிறுத்துவது? விலங்கியலிலே தொடங்கும் இக்கேள்வி கூலியிலும் சட்டத்திலும் போய் முடிகின்றது.

உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளுள் ஐந்து வகை இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, சிற்றாமை, ஏழுவரி ஆமை என்பன அவை. 1972ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவ்வைந்தையும் இவற்றின் முட்டைகளையும் காக்கின்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் உண்டு. ஆயினும் முட்டை தோண்டப்படுகின்றது; இறைச்சியும் மறைவாக விற்கப்படுகின்றது. இதற்கு நம் படித்த மேற்றட்டினர் எளிதானதொரு விடையை வைத்திருக்கின்றனர்: "மீனவன் அறிவற்றவன், கொடியவன், அவனைப் பிடித்துச் சிறையிலிட்டால் ஆமை பிழைத்துவிடும்." இவ்விடை பொய்யானது என்பதே எமது வாதம்.

இப்பழி புதியதன்று. இலங்கையில் ஆங்கில ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ட், 1859இல் வெளியான தமது நூலிலே, யாழ்ப்பாணத்தில் ஆமையை உயிரோடு அறுத்துத் துண்டு துண்டாக விற்றதை அருவருப்போடு எழுதினார். அது கொடுமைதான், நம்மவர் செய்தது என்பதற்காக அதனை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில் அழுங்காமையின் ஓடு எங்கே சென்றது? ஐரோப்பியச் செல்வரின் அணிகலப் பேழைகளுக்கும், இங்குள்ள முதலியார்மாரின் தலைச் சீப்புகளுக்கும் சென்றது. அறுத்தவன் காட்டுமிராண்டி எனப்பட்டான். சீப்பை அணிந்தவன் கனவான் எனப்பட்டான். கத்தியைக் கண்ட கண், அக்கத்திக்குக் கூலி கொடுத்த கையைக் காணவில்லை. இன்றும் பலருடைய பார்வை இதுவே.

முட்டை தோண்டுவதால் விளையும் கேட்டினை நாம் குறைத்துக் கூறவில்லை. கடலாமை முதிர்ச்சியடைய இருபது, முப்பது ஆண்டுகளும் செல்லலாம். ஆயிரம் குஞ்சுகளுள் ஒன்று அப்பருவத்தை எட்டுவதே அரிது. ஒரு கரையில் ஆண்டுதோறும் எல்லா முட்டைகளும் தோண்டப்பட்டாலும், முன்னரே வளர்ந்துவிட்ட தாய் ஆமைகள் பல்லாண்டு தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். காண்பவன், "குறைவொன்றும் இல்லையே" என்பான். அத்தலைமுறை தீர்ந்ததும் கரை திடீரென வெறுமையாகும். ஆகவேதான் ஆமையை எண்ணுதல் ஓராண்டு வேலையன்று. விடியுமுன் கரை நடந்து, தாய் ஏறி இறங்கிய தடத்தைக் கணக்கிட்டு, குழியை அடையாளமிட்டு, தாயின் துடுப்பிலே இலக்கத் தகடு பொருத்தி, இரவுக்கு இரவு ஏட்டில் எழுத வேண்டும். கொஸ்தாரிக்காவின் தொர்த்துகேரோக் கரையில் ஆர்ச்சி கார் என்னும் அறிஞர் 1955இல் தொடங்கிய கணக்கு, அவர் மறைந்த பின்னும் இன்று வரை தொடர்கின்றது. அத்தகைய நெடுங்காலக் கணக்கே ஆமை பெருகுகின்றதா அருகுகின்றதா என்று சொல்லவல்லது.

நமது தென்மேற்குக் கரையிலோ வேறொரு வழி செல்வாக்குப் பெற்றுள்ளது. கொஸ்கொட முதலிய இடங்களில் குஞ்சு பொரிப்பகங்கள் பல உள. தோண்டுவோரிடம் முட்டையை விலைக்கு வாங்கிப் புதைத்துப் பொரிக்கச் செய்வர். சந்தைக்குப் போகவிருந்த முட்டை இதனால் தப்புகின்றது என்று அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. எனினும் முழு உண்மையையும் பார்ப்போம். முட்டையிட்ட சில மணி நேரத்தின் பின் அதனைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு மடியக்கூடும். மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கின்றது; ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேலே பெண் குஞ்சுகளே மிகுகின்றன. இடம் மாறினால் இந்நிரையும் மாறும். இவற்றினும் பெரிய கேடு தொட்டி. பொரித்த குஞ்சு தன்னுள் எஞ்சிய கருவூணின் வலுவைக் கொண்டு ஓயாது நீந்தி ஆழ்கடலை அடைய வேண்டும். அவ்வலுவை அது சீமெந்துத் தொட்டியின் சுவரில் மோதி மோதிச் செலவழிக்கின்றது. ஏன்? மறுநாள் வரும் உல்லாசப் பிரயாணி கட்டணம் செலுத்தி அதனைக் கையிலேந்திப் படம் பிடிக்க வேண்டுமே! உயிர் காக்கும் பணி காட்சிப் பொருள் விற்பனையாக இழிவது இங்கேதான்.

மாற்று வழி இல்லையா? உண்டு, நம் நாட்டிலேயே உண்டு. தங்காலைக்கு அருகிலுள்ள ரெக்கவக் கரையில் 1996இல் ஆமைப் பாதுகாப்புத் திட்டத்தினர் குழியை அது இருக்கும் இடத்திலேயே காக்கத் தொடங்கினர். காவலுக்கு அவர்கள் அமர்த்தியது யாரை? அதுவரை முட்டை தோண்டிப் பிழைத்தவர்களையே! தாய் எவ்விரவில் வரும், எத்தடம் பொய்த்தடம், எந்த மணலின் கீழ் முட்டை உண்டு என்பதையெல்லாம் அவர்களைப் போல் அறிந்தவர் எவர்? அதே அறிவு, அதே கை, அதே இரவு. கூலி மாறியது, தொழிலின் திசையும் மாறியது. மீனவன் பிறவியிலேயே கொடியவன் என்போருக்கு ரெக்கவ தந்த மறுமொழி இது. 2006இல் அரசு அக்கரையைச் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது.

ஆனால் இங்கும் ஒரு வலுவீனம் உண்டு. இத்தகைய முயற்சிகள் வெளிநாட்டு நன்கொடையையும் உல்லாசப் பிரயாணியின் பணத்தையும் நம்பியே நிற்கின்றன. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் இந்நாட்டுக்கு வந்தனர். 2019இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும் அடுத்த ஆண்டின் பெருந்தொற்றும் வந்தன. 2021இல் அத்தொகை இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை. 2022இல் அரிசியும் எரிபொருளும் எளியவன் கைக்கு எட்டாதனவாயின. ஆமை அவ்வாண்டுகளிலும் கரையேறியது. அதற்கு அந்நியச் செலாவணி பற்றித் தெரியாது. பிரயாணி வந்தால் காவல், வராவிட்டால் பசி என்ற ஏற்பாட்டிலே, பசித்தவன் மீண்டும் மணலைத் தோண்டினால் குற்றம் அவன் ஒருவனுடையதா?

குற்றத்தின் அளவையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பாற் கடலில் தீப்பற்றி எரிந்து, ஜூனில் மூழ்கியது. நைத்திரிக்கமிலம் முதலிய இரசாயனங்களோடு, ஏறத்தாழ 1680 தொன் பிளாஸ்டிக் குறுமணிகளும் அதில் இருந்தன. அடுத்த வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆமைகளின் உடல்கள் கரையொதுங்கின. உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளிக்க 2025 ஜூலை வரை சென்றது. ஒரு குழியைத் தோண்டியவனை அன்றிரவே பிடித்துச் செல்லும் சட்டத்தின் கை, கப்பல் முதலாளியைத் தொட நான்கு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. இரவு முழுவதும் கரையை நோக்கி ஒளி பாய்ச்சும் ஹோட்டல்களின் கதை என்ன? குஞ்சு ஒளி மிகுந்த திசையைக் கடலென்று நம்பித் தவழ்கின்றது. மின்விளக்கை நம்பிய குஞ்சு தெருவிலே நசுங்குகின்றது. அன்றேல் வெயிலேறிய மணலில் உலர்ந்து சாகின்றது. இதற்காகச் சிறை சென்ற ஹோட்டல் முதலாளி எவரேனும் நம் காதுக்கு எட்டியதுண்டா?

ஆதலின் எமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆமைக் காவல் பொது நிதியிலிருந்து மாதச் சம்பளம் பெறும் நிரந்தரத் தொழிலாக வேண்டும். அத்தொழில் அக்கரையின் கடற்றொழிலாளருக்கே உரியதாக வேண்டும். முட்டையிடும் பருவத்தில் கரையை நோக்கிய விளக்குகளை அணைக்கச் செய்யும் விதி ஏட்டோடு நின்றுவிடலாகாது. பொரிப்பகத்துக்குத் தொட்டிக் காட்சியைத் தடை செய்தல் வேண்டும். கரைதோறும் எடுக்கப்படும் கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். காவல் செய்தவனே தான் எழுதிய கணக்கைத் தன் மொழியில் வாசிக்க முடியாதெனில் அது யாருக்கான விஞ்ஞானம்?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! நெய்தற் பாட்டை வகுப்பறையிலே பதவுரையோடு முடித்துவிடுகின்றோம். அப்பாட்டின் மணல் இன்றும் பாடசாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஊர்கள் நம்மிடையே பல. அங்கே சென்று தடத்தை எண்ணுங்கள், முட்டை தோண்டுபவனை ஏசுமுன் அவனது நாட்கூலி எவ்வளவென்று கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். புலவர் காவலனைக் கற்பனையிலே படைத்தார். அவனைக் கூலியோடும் மதிப்போடும் மெய்யாகவே கரையில் நிறுத்துவது இச்சமுதாயத்தின் கடமை.