கூர்மை வேறு, தெளிவு வேறு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தெளிவு எது என்று கேட்டால் நம்மில் பலரும் கூர்மையைத்தான் காட்டுகிறோம். கைப்பேசியில் எடுத்த படத்தை வீட்டுப் பிரிண்டரில் அச்சிடும் முன்பு, ‘ஷார்ப்னெஸ்’ என்னும் பொத்தானைக் கண்ட மாத்திரத்தில் அதை வலக்கோடிக்குத் தள்ளிவிடுகிறோம். திரையில் படம் பளிச்சென்று ஆகிறது. தாளில் வந்து விழுவதோ மரத்தில் செதுக்கிய முகம்! இதெல்லாம் அவரவர் ரசனை என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதில் ரசனைக்கு உள்ள பங்கு சிறிது. கணக்குக்கு உள்ள பங்கே பெரிது.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். எங்களைப் போன்ற வீடுகளில் சுவரில் தொங்கும் படங்கள் மிகக் குறைவு. என் தாத்தாவுக்கு ஒரு படம்கூட இல்லை. அப்பத்தாவுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு காதுகுத்து விசேஷத்தில் யாரோ கைப்பேசியில் எடுத்தது. அவர் காலமானபோது அந்தப் படம் வாட்ஸ்அப்பில் மூன்று கை மாறி ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிற்று. சட்டம் போட்டு வந்த படத்தில் கன்னத்துச் சுருக்கங்கள் கரிக்கோடுகளாக இருந்தன. நரைமுடியைச் சுற்றி வெள்ளை வரம்பு ஓடியது. “இது நம்ம அத்தை மாதிரியே இல்லையேப்பா” என்றார் என் தாயார். ஒரே படம் உள்ள வீட்டில் அந்தப் படம் கெட்டுவிட்டால், பின்னால் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த முகமே அதுதான்.

சாணை பிடிப்பவர் கத்தியில் இரும்பைச் சேர்ப்பதில்லை, இருப்பதைத் தேய்க்கிறார். கணினியின் கூர்மையும் அப்படியே. கேமராவில் பதியாத ஒரு நுணுக்கத்தையும் அது புதிதாகக் கொண்டுவருவதில்லை. இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில் இருளை இன்னும் இருட்டாக்குகிறது, ஒளியை இன்னும் வெளுப்பாக்குகிறது, அவ்வளவுதான். இதற்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று பெயர். கூர்மையாக்கும் கருவிக்குக் கூர்மையற்றது என்று பெயர் வைத்தது விந்தையாகத் தோன்றலாம். இது இருட்டறைக் காலத்துப் பெயர். நெகட்டிவிலிருந்து மங்கலான ஒரு பாசிட்டிவ் பிரதி எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிடுவார்கள். 1970-களில் ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் இம்முறையைக் கொண்டு விண்மீன் மண்டலங்களின் படங்களில் மறைந்திருந்த நுணுக்கங்களை வெளிக்கொணர்ந்தார். இன்று கணினியும் அதையே கூட்டல் கழித்தலாகச் செய்கிறது. விளிம்பின் இருண்ட பக்கத்தில் ஒரு புள்ளியின் மதிப்பு 100, மங்கலாக்கிய பிரதியில் அதே இடம் 110 என்று கொள்வோம். வித்தியாசமான 10-ஐக் கழித்து 90 ஆக்குகிறது. ஒளிப்பக்கத்தில் 140 இருந்த இடம் அதேபோல் 150 ஆகிறது. விளிம்புகளை நம் கண்ணே இவ்வாறு மிகைப்படுத்திக் காண்கிறது என்பதை எர்ன்ஸ்ட் மாக் 1865-லேயே எடுத்துக்காட்டினார். கண் ஏமாறச் சித்தமாக இருப்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது.

ஆகவே அந்த மிகை விளிம்பு கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவில் இருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் வித்தை வெளுத்துவிடும். எவ்வளவு அகலம் கண்ணுக்குத் தெரியும்? நல்ல பார்வை சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். கையில் பிடித்து 25 செ.மீ. தொலைவில் பார்த்தால் அது 0.07 மி.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிடும்போது ஒரு புள்ளியின் அகலம் 0.085 மி.மீ. ஏறக்குறைய இரண்டும் ஒன்றே. 300 என்ற எண் வழக்கில் நிலைத்ததற்கு இதுவே பொருத்தமான காரணம். (பிரிண்டர் பெட்டியில் 5760 என்று போட்டிருப்பது மைத்துளிகளின் கணக்கு; அதைக் கண்டு மயங்க வேண்டாம்.) அதே படத்தைச் சுவரில் மாட்டி இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் கண்ணின் எல்லை 0.58 மி.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட ஏழு புள்ளிகள்! ஆல்பத்துக்கும் சுவருக்கும் ஒரே அளவு கூர்மை வைப்பவர், ஆறு மாதக் குழந்தைக்கும் அறுபது வயதுக்காரருக்கும் ஒரே செருப்பு தைப்பவர்.

இந்த அகலத்தைத் தீர்மானிப்பது ‘ரேடியஸ்’ என்னும் எண். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு, அச்சடர்த்தியை 200-ஆல் வகுத்துக்கொள்வது வழக்கம், 300-க்கு 1.5 வரும். சுவர்ப் படத்துக்கு 3 வரை போகலாம். ‘அமவுண்ட்’ என்பது வித்தியாசத்தை எவ்வளவு சேர்ப்பது என்பது. கிம்ப் மென்பொருளில் 1 என்றால் முழுவதும், 0.5 என்றால் பாதி. ‘த்ரெஷோல்ட்’ என்பது, இதற்குக் குறைவான வித்தியாசத்தைத் தொடாதே என்று போடும் வேலி. மூன்றில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது இந்த வேலிதான்.

தாளையும் மறக்கக் கூடாது. பளபளப்புத் தாளின் மேற்பூச்சில் மை பரவாமல் நிற்கும். மேட் தாளும் சாதாரணத் தாளும் மையை உறிஞ்சி விளிம்பை மழுக்கிவிடும். எனவே பின்னவற்றுக்குச் சற்றுக் கூடுதல் வேண்டும். லைட்ரூம் மென்பொருளில் அச்சிடும்போது தாள் மேட்டா, கிளாஸியா என்று கேட்பதன் காரணம் இதுவே.

நம் ஊர்ப் படங்களையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த எவரும் பதினொரு நிலைக் கோபுரத்தைப் படம் பிடிக்காமல் திரும்புவதில்லை. நிலைகளின் கிடைக்கோடுகளுக்குக் கூர்மை நன்றாகவே பொருந்தும். ஆபத்து வானத்தோடு சேரும் விளிம்பில் இருக்கிறது. ரேடியஸ் மிகுந்தால் நீல வானத்தில் கோபுரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை ஒளிவட்டம்! பக்தர்கள் அதையும் அருள் என்று எண்ணிக்கொள்ளலாம். இயற்பியல் மாணவன் எண்ணக் கூடாது. இராஜபாளையம் நாயின் கதை வேறு. அதன் வெண்ணிற உடலில் மதிப்புகள் முன்பே 250-ஐத் தொட்டிருக்கும். அதன் மேல் 10 கூட்டினால் 260; ஆனால் உச்சவரம்பு 255. அந்த இடத்தில் பிரிண்டர் மையே விடாது, வெறுந்தாள்தான் மிஞ்சும். கூர்மையாக்கப் போய் மயிர்க்கால்களை இழந்து நிற்போம். 2005-இல் அஞ்சல் துறை இந்த நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. அச்சிறு சதுரத்துக்கு ஏற்ற கூர்மையும் A4 தாளுக்கு ஏற்ற கூர்மையும் ஒன்றாகவா இருக்க முடியும்?

முகத்துக்கு வருகிறேன். கைப்பேசி தானாகவே ஒருமுறை கூர்மையாக்கித்தான் படத்தைத் தருகிறது. வாட்ஸ்அப் அதைச் சுருக்குகிறது. சுருக்கும்போது படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரிகிறது. அதன்மேல் நாம் மீண்டும் கூர்மை ஏற்றினால், கூர்மையாவது முகமன்று, கட்டங்களின் ஓரங்கள். ஆகையால் படத்தை அனுப்புவோர் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் பாதி நோய் தீர்ந்தது. வயதானவர் முகத்தில் அழகு ஃபில்டர் போட்டுச் சுருக்கத்தை அழிப்பதையும் நான் ஏற்கவில்லை, கூர்மை போட்டுச் சுருக்கத்தை வெட்டி ஆழமாக்குவதையும் ஏற்கவில்லை. அப்பத்தாவின் படத்தை நானே மறுபடி அச்சிட்டேன். ஸ்டூடியோவுக்குப் போகாத கோப்பு ஓர் உறவினரிடம் இருந்தது. நீளப் பக்கம் 1600 புள்ளிகள். A4 தாளில் அங்குலத்துக்கு 137 புள்ளிகள்தான் தேறின. ஆனால் இரண்டு மீட்டர் தொலைவுக்கு 44 போதும் என்று கணக்குச் சொல்லியது. ரேடியஸ் 0.7, அமவுண்ட் 0.4 வைத்து, வேலியைச் சற்று உயர்த்தி, கண்களையும் புடவைக் கரையையும் மட்டும் தேர்வு செய்து கூர்மையாக்கினேன். கன்னத்தைத் தொடவில்லை.

இதையெல்லாம் ஸ்டூடியோக்காரரிடமே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். அவரை நான் குறை கூறவில்லை. நாளைக்கு நூறு படம் போடுபவர் ஒரே அளவைத்தான் வைக்க முடியும். அப்படம் எந்தச் சுவரில், எத்தனை அடி தள்ளித் தொங்கும் என்பது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். செலவும் பெரிதன்று. என் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசு மடிக்கணினியும், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதற்காக அவர் வாங்கிய இங்க் டேங்க் பிரிண்டரும்தான் என் ஆய்வுக்கூடம். கிம்ப் இலவசம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். திரையைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். எங்கள் 14 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 112 புள்ளிகள்தான். ஆறு அங்குலமாக அச்சாகப் போகும் படம் முழு அளவில் அங்கே பதினாறு அங்குலமாக விரிந்து நிற்கிறது. தாளுக்குச் சரியான கூர்மை திரையில் கரடுமுரடாகத் தெரியும். முதலில் அச்சிடும் அளவுக்குப் படத்தை மாற்றிக்கொண்டு, கூர்மையைக் கடைசி வேலையாக வைத்து, முகப்பகுதியை மட்டும் வெட்டி மூன்று அளவுகளில் ஒரே தாளில் அச்சிடுங்கள். மை காய்ந்த பின் படம் மாட்டப்போகும் இடத்தில் அதை ஒட்டிவைத்து, உட்காரும் இடத்திலிருந்து வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்காதவர்கள்தாம் சரியாகச் சொல்வார்கள். அவர்களுக்கு அமவுண்ட் தெரியாது, முகம் தெரியும்.

இறுதியாக மலர்க் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். நம் வகுப்புக் குழுப்படத்தில் வரிசைக்குப் பதினைந்து பேர். பக்க அகலத்தில் ஒவ்வொருவர் முகத்துக்கும் கிடைப்பது ஐந்து மில்லிமீட்டர், அதாவது அறுபது புள்ளிகள். ரேடியஸ் 4 வைத்தால் கண் இருந்த இடத்தில் கரும்பொட்டுதான் மிஞ்சும். படம் எடுப்பவரிடம் கூர்மை ஏற்றாத மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, எங்களில் இருவரை அச்சகத்துக்கு அனுப்பி ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பார்க்க அனுமதி தர வேண்டுகிறேன். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டக் காத்திருக்கும் வீடுகள் நம் வகுப்பில் பல உண்டு.