கடைசி நிகழ்ச்சிக்கு முன்பே கிளம்பிய பெற்றோருக்கு

சனிக்கிழமை இரவு ஒன்பதேகாலுக்குப் பார்க்கிங்கில் கார்கள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தன. மண்டபத்துக்குள் அப்போதுதான் பன்னிரண்டு பிள்ளைகள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். வாசலில் டிக்கெட் மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு காட்சியையும் ஒரே நேரத்தில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. என்னைக் கடந்து போனபோது உங்களில் பலர், "ஷோ சூப்பருங்க, பிரமாதமா பண்ணிட்டீங்க" என்று வாயாரச் சொன்னீர்கள். ஷோ இன்னும் முடியவில்லை என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் ஆறப்போட்டும் மனசு ஆறவில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

மேடையில் நின்றவர்கள் உங்கள் பிள்ளைகள் இல்லை. என் பிள்ளையும் இல்லை. 'வேன் பிள்ளைகள்.' நமக்குள் அப்படித்தானே சொல்லிக்கொள்கிறோம்? பள்ளிக்கூடம் விட்டதும் வேனில் ஏறி, பிள்ளைகளுக்குக் கலை சொல்லிக்கொடுக்கும் நம் மன்றத்துக்கு வந்து, அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து அழைக்க வரும் ஆறு மணிவரை இருக்கிறவர்கள். கட்டணம் கட்டாதவர்கள். இந்த ஃப்ரீமாண்டில் ஸ்பானிஷ் பேசும் வீடுகளிலிருந்தும் ஆப்கன் வீடுகளிலிருந்தும் ஃபிலிப்பினோ வீடுகளிலிருந்தும் வருகிறவர்கள். பறை யாருடையது, எந்தத் தெருவில் அடிப்பது, எந்த வீட்டுச் சாவுக்கு அடிப்பது என்ற நம் ஊர்க் கணக்கெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அடிக்குச்சி எது, சிண்டுக்குச்சி எது என்று தெரியும். தோல் பறையைத் தீயில் காய்ச்சினால் இங்கே தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் என்பதால் ஃபைபர் பறையில்தான் பழகுகிறார்கள். அதிலும் அந்த அடியைக் கேட்டிருந்தால் நீங்கள் கார்ச் சாவியை மறுபடி பையில் போட்டிருப்பீர்கள்.

அந்தக் குழுவில் முன்வரிசையில் நிற்கும் பெண் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, நாம் நேரம் தப்பி வந்துவிட்டோமா என்று வாத்தியாரிடம் கேட்டிருக்கிறாள். காலி நாற்காலிகளைப் பார்த்து ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

உங்களை எதற்கு அழைத்தோம் என்பதே சிலருக்குக் குழப்பம் என்று நினைக்கிறேன். அது ஆண்டு விழா இல்லை. நிதி திரட்டும் இரவு. நீங்கள் மாதாமாதம் கட்டும் கட்டணம் உங்கள் பிள்ளையின் செலவுக்கே சரியாகிவிடுகிறது. வேனுக்கு டீசல், ஓட்டுநர் சம்பளம், மாலைச் சிற்றுண்டி, வண்ணம், துணி, நாடக ஆசிரியர் என்று கட்டணம் இல்லாத பிள்ளைகளுக்கு ஆகும் செலவு மானியத்திலிருந்தும் அந்த ஓர் இரவிலிருந்தும்தான் வரவேண்டும்.

'இதையெல்லாம் அரசாங்கம் செய்யாதா?' என்று வரிசையில் நின்றபடியே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைக் கேட்க அவர் நிற்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் 1978-இல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 'ப்ராப் 13' சொத்துவரியைக் கட்டிப்போட்டது. வீடு வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் அது இனிக்கிறது. பள்ளிக்கூடங்களுக்கு உள்ளூர் வருமானம் சுருங்கியது. சுருங்கும்போது கணக்கு வாத்தியாரையா அனுப்புவார்கள்? பாட்டும் ஓவியமும் நாடகமும்தான் முதலில் போயின. அதற்கு 24 வருஷம் கழித்து, 2002-இல், பள்ளி முடிந்த பிறகான நேரத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி 'ப்ராப் 49' வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனவர் யார் தெரியுமா? நம் 'டெர்மினேட்டர்' அர்னால்ட். அவர் கவர்னர் ஆனதே அதற்கு அடுத்த வருஷம்தான். 2022-இல் 'ப்ராப் 28' வந்து கலைக் கல்விக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 100 கோடி டாலர் ஒதுக்கச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் அது பொதுப் பள்ளிகளுக்குப் போகிற பணம், நம் வேனுக்கு டீசல் போடாது.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன். "ஒரு பிரியாணிக்கு அறுபது டாலரா?" இந்தக் கேள்வியை அன்று மாலை ஐந்தாறு குரல்களில் கேட்டேன். கணக்கைச் சொல்கிறேன். சாப்பாடு 25 டாலர் என்று வையுங்கள். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, ஒருநாள் இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 15. மிச்சம் 20. அந்த இருபதுக்காகத்தான் எட்டுப் பேர் நான்கு மாதமாக வார இறுதியை இழந்தோம். நீங்கள் நேராக இருபது டாலரை அனுப்பியிருந்தால் விழாவே வேண்டாம். அனுப்பமாட்டீர்கள் என்பதால்தான் விழா. இந்த உண்மையைச் செயற்குழுவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த இருபதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. வாட்ஸாப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்களில் பாதிப் பேர் டிக்கெட் எடுக்கவில்லை. கேட்டரிங்காரருக்குத் தலை எண்ணிக்கையை ஐந்து நாள் முன்னால் சொல்லவேண்டும். சொன்ன பிறகு, விழா அன்று மதியம் "அத்தை மாமா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, நாலு பேர் எக்ஸ்ட்ரா" என்று செய்தி வருகிறது. அத்தையும் மாமாவும் வரட்டும், தலைமேல் வைத்துக்கொள்கிறோம். விசா எடுத்து, விமானம் ஏறி, இருபது மணிநேரம் பறந்து வந்தவர்கள் சனிக்கிழமை மதியம்தானா உங்களுக்குத் தெரியவந்தார்கள்? கூடுதலாக வாங்கிய இரண்டு ட்ரே பிரியாணி அந்த இருபதிலிருந்துதான் போனது. ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம் என்று போட்டிருந்தோம். அன்றைக்கு வந்த ஐந்து வயதுக்காரர்களில் இருவருக்கு மீசை அரும்பியிருந்தது.

ஏலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனசு கேட்காது. சைலன்ட் ஆக்‌ஷன் என்றால் என்னவென்று மேசையில் எழுதி வைத்திருந்தோம். பொருளுக்குப் பக்கத்தில் ஒரு தாள். உங்கள் பெயர், நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகை. அடுத்தவர் அதற்கு மேல் எழுதலாம். பிள்ளைகள் வரைந்த படங்கள் முப்பதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். விழா முடிந்து தாள்களைச் சேகரித்தபோது நானும் இன்னொரு அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெயர் எழுதியிருந்த ஏறக்குறைய ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு பெயர், படம் வரைந்த பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ. தன் பிள்ளை படத்தைத் தானே ஆரம்ப விலைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இதற்கு ஏலம் எதற்கு, குளிர்பெட்டியின் கதவு போதுமே. வேன் பிள்ளைகளின் பதினோரு படத்துக்கும் தாள் வெள்ளையாகவே இருந்தது. அவர்களின் பெற்றோருக்குச் சனிக்கிழமை இரவும் வேலை.

நாம் கஞ்சர்கள் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஹார்வர்டில் தமிழ் இருக்கை என்றபோது என்ன செய்தோம்? 2015-இல் இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் போட்டுத் தொடங்கிவைத்தார்கள். 60 லட்சம் டாலர் வேண்டும் என்றார்கள். 2018-இல் அது சேர்ந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. மீதிக்கு எங்கெங்கோ இருந்த தமிழர்கள் கைக்கு முடிந்ததைக் கொடுத்தார்கள், ஐம்பதும் நூறுமாக. நானும் கொடுத்தேன், ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை இந்த ஊர் வேனுக்குள் ஏறமாட்டேன் என்கிறதே, ஏன்?

அரங்கேற்றத்தை இழுக்காமல் இருக்க முடியவில்லை. என் மகளின் அரங்கேற்றத்துக்கு நாங்கள் செலவழித்த தொகையை இங்கே எழுத எனக்கு வெட்கம். சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை வரவழைத்தோம், மூன்று செட் உடை, மண்டபம், பூ, வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் வெள்ளிக் குங்குமச்சிமிழ். மூன்று மணிநேரம், ஒரே பிள்ளை. ஒருவரும் "ஒரு வர்ணத்துக்கு இவ்வளவா?" என்று கேட்கவில்லை. நீங்கள் எல்லோரும் வந்தீர்கள், மங்களம் வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்கள். அதனால் உங்களுக்கு உட்காரத் தெரியாது என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கையிலிருந்து கூடுதலாக ஒரு காசும் போடாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு, அதையும் செய்வதில்லை. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் மாதிரி பெரிய கம்பெனிகளில் ஊழியர் ஒரு டாலர் கொடுத்தால் கம்பெனியும் ஒரு டாலர் கொடுக்கிறது, ஓர் உச்சவரம்பு வரை. மேட்சிங் என்பது அதுதான். சில இடங்களில் நீங்கள் தன்னார்வமாக உழைத்த நேரத்துக்கும் கம்பெனி பணம் அனுப்புகிறது. நாற்காலி அடுக்கிய நேரம்கூடக் கணக்கில் சேரும். கம்பெனி இணையதளத்தில் இரண்டு நிமிடப் படிவம். கெடு தாண்டினால் போச்சு. போன வருஷம் 'பண்ணிடறேன், பண்ணிடறேன்' என்று சொன்னவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வெளியிடமாட்டேன், பயப்படாதீர்கள்.

வரிக் கழிவு கேட்டு எழுதியவர்களுக்கும் இங்கேயே பதில். அறுபது டாலருக்கும் ரசீது தர முடியாது. நீங்கள் சாப்பிட்ட பிரியாணியும் பார்த்த நிகழ்ச்சியும் நன்கொடை இல்லை. அவற்றின் மதிப்பைக் கழித்து மிச்சம்தான் நன்கொடை. பரிசுக் குலுக்கல் சீட்டு வாங்கியதற்குக் கழிவே கிடையாது, வருமானவரித் துறை அதைச் சூதாட்டக் கணக்கில் வைக்கிறது. 2026 முதல், செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடாமல் வரி கட்டுகிறவர்களும் ரொக்க நன்கொடைக்கு ஆயிரம் டாலர் வரை, தம்பதியாகக் கட்டினால் இரண்டாயிரம் வரை, கழிவு கேட்கலாம்.

விருந்து வைக்காமல் பணம் சேர்க்க வழியே இல்லையா என்று நானும் யோசிக்காமல் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் வலென்சியா தெருவில் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் '826 வலென்சியா' 2002-இல் தொடங்கியபோது, அந்தக் கட்டடத்தில் கடைதான் நடத்தலாம் என்று நகராட்சி விதி குறுக்கே வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? முன்பக்கம் கடற்கொள்ளையர்களுக்குச் சாமான் விற்கும் கடை போட்டார்கள். ஒற்றைக்கண் மறைப்பும் கண்ணாடிக் கண்ணும் வாங்க வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், காசும் வந்தது. நமக்கு அந்தக் கற்பனை போதாது. நான் செயற்குழுவில் சொன்ன யோசனை இதைவிட எளிது. இந்த நாட்டில் சில அமைப்புகள் நடக்காத விருந்துக்கு அழைப்பு அனுப்புகின்றன. வராதீர்கள், வீட்டிலேயே கால் நீட்டி இருங்கள், டிக்கெட் பணத்தை மட்டும் அனுப்புங்கள் என்று. சொல்லி முடித்ததும் சற்று நேரம் அமைதி. அப்புறம் ஒருவர் கேட்டார்: "அப்போ சாப்பாடு?"

யோசித்துப் பார்த்தால் அந்த யோசனை எனக்கே பிடிக்கவில்லை. பணம் வந்துவிடும். திரையை விலக்கிப் பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது?

அந்தப் பன்னிரண்டு பேரும் வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு நம் மன்றத்தின் பின்கட்டில் மறுபடி அடிக்கிறார்கள். பதினைந்து நிமிடம். டிக்கெட் இல்லை, பிரியாணி இல்லை, உங்கள் பிள்ளையும் மேடையில் இல்லை. பதினோரு படங்களும் சுவரில் இருக்கும், தாள்களும் இருக்கும். நாற்காலி போட்டு எடுக்க ஆறு பேர் வேண்டும் என்று குழுவில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். இந்த நிமிடம்வரை அதில் இரண்டு பெயர். ஒன்று என்னுடையது, மற்றது என் வீட்டுக்காரருடையது. அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.