கேரவனும் எழுபது கொண்டை ஊசியும்

கேரவன் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் ஏசி போட்டபடி நிற்கும் நடிகர் வண்டிதான். உள்ளே கட்டில், கண்ணாடி, பாத்ரூம். வெளியே வேடிக்கை பார்க்கும் நாம். இப்போது அந்த வண்டி நம்ம கைக்கும் வந்துவிட்டது. நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. பழைய வேனை வாங்கிப் படுக்கை போட்டு வீடியோ எடுப்பவர்களும் பெருகிவிட்டார்கள். கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு திட்டமே ஆரம்பித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பிடித்திருக்கிறது.

நல்ல விஷயம்தான், நான் எதிரி இல்லை. ஆனால் வகுப்பு நண்பர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கே பதில் எழுதி வைத்துவிடுகிறேன்: "மச்சி, கேரவன்ல உங்க கொல்லிமலைக்கு வரலாமா?"

என் பதில்: வாங்க. ஆனா வண்டியை அடிவாரத்தில் விட்டுட்டு வாங்க.

ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி நாலு வரி. கொல்லிமலையில் நாங்கள் ஊரை 'நாடு' என்றுதான் சொல்வோம். குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, வளப்பூர் நாடு என்று பல நாடுகள். குண்டூர் நாடு என்றால் தனிக்கொடி, தனி பாஸ்போர்ட் எல்லாம் கிடையாது :-) பல குக்கிராமங்கள் சேர்ந்தது ஒரு நாடு, அவ்வளவுதான். மலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடி மக்கள். மிளகு, காபி, பலா, அன்னாசி, வாழை, குச்சிக்கிழங்கு என்று மலையில் விளைவதெல்லாம் சந்தைக்குக் கீழே இறங்க வேண்டும். அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் மேலே ஏற வேண்டும். நாமக்கல் பக்கமிருந்து வந்தால் அதற்கு வழி காரவள்ளி சாலை. 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ராசிபுரம் பக்கத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலையும் உண்டு, அதில் வளைவுகள் குறைவு.

சுற்றுலா வருபவர்களுக்கு இந்த 70 வளைவு ஒரு சாதனை. ஸ்டேட்டஸ் போட ஒரு விஷயம். எங்களுக்கு அது பிரசவ வலி எடுத்த பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் கீழே கொண்டுபோகும் பாதை. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கேஸ் சீரியஸ் என்றால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோதான் ஓட வேண்டும். ஒரு வளைவில் ஒரு பெரிய வண்டி குறுக்கே மாட்டி நின்றால், அதற்கு மேலே ஒரு 108 இறங்கி வந்து கொண்டிருக்கலாம். அந்த வண்டிக்காரருக்கு அது 'டூரில் நடந்த ஒரு தமாஷ்'. ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை.

"பஸ் போகுது, லாரி போகுது, கேரவன் மட்டும் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பஸ் ஓட்டுபவர் தினமும் அதே எழுபது வளைவை ஓட்டுபவர். எந்த வளைவில் எங்கே ஒடிக்க வேண்டும் என்பது அவர் கைக்குப் பழக்கம். நீங்கள் ஓட்டுவதோ முந்தாநாள் வாடகைக்கு எடுத்த, பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றே தெரியாத ஒரு வண்டி. லைசென்ஸ் இருக்கிறதே என்றால், ஆமாம், எல்.எம்.வி லைசென்ஸ் 7,500 கிலோ வரை செல்லும். மஞ்சள் போர்டு வண்டிக்கும் அதுவே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, கைக்கு வருவது வேறு.

கொஞ்சம் பிசிக்ஸ் பேசுவோம், பயப்படாதீர்கள். 3,500 கிலோ எடையுள்ள ஒரு வேன் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஹெச் போட்டால் சுமார் 34 மெகா ஜூல் வருகிறது. நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. மேலே ஏறும்போது எஞ்சின் கொடுத்த அந்த சக்தி, இறங்கும்போது எங்காவது போயே ஆக வேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் பெரும்பகுதி பிரேக்குக்குத்தான் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடலை மிதிக்க மிதிக்க உள்ளேதான் போகும், வண்டி நிற்காது.

நாமக்கல் லாரிக்காரர்கள் ஊர். பாடி கட்டுவதிலும் டேங்கர், டிரெய்லர் ஓட்டுவதிலும் பேர் வாங்கிய ஊர். அங்கே எந்த டிரைவரைக் கேட்டாலும் இந்த பிசிக்ஸையெல்லாம் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: எந்த கியரில் ஏறினியோ அதே கியரில் இறங்கு. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் என்றால் 'டி'-யிலேயே விட்டுவிடாமல் 'எல்' அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். எலெக்ட்ரிக் வண்டிக்கு இன்னொரு விஷயம்: மேலே ஃபுல் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் ரீஜென் பிரேக்கிங் சரியாக வேலை செய்யாது, சக்தியைப் போட பேட்டரியில் இடம் வேண்டுமே. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் எஞ்சினை ஆஃப் செய்து இறக்குபவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கூடவே போய்விடும். அந்த டீசல் காசு ஆஸ்பத்திரி வாசல் டீக்குக்கூடப் போதாது.

சரி, எவ்வளவு சொன்னாலும் சிலர் வண்டியோடுதான் வருவார்கள். அவர்களுக்காக:

1. முள்ளுக்குறிச்சி வழியைப் பாருங்கள். நீளமான வண்டிக்குக் காரவள்ளி வழி வேண்டாம்.

2. தண்ணீர் டேங்கைக் கீழேயே நிரப்பாதீர்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ. பாதி நிரம்பிய டேங்க் இன்னும் மோசம், ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாக மோதும். மேலே தங்கும் இடத்தில் கேட்டால் தண்ணீர் தருவார்கள்.

3. கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, சிலிண்டரை நிமிர்த்திக் கட்டுங்கள். எல்.பி.ஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் நீங்கள் படுக்கும் இடத்தில்தான் தேங்கும்.

4. வேனைக் கேரவனாக மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாமல் வண்டியை மாற்ற முடியாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான்.

5. குறுகலான மலைச்சாலையில் ஏறி வருபவருக்கே முதல் உரிமை. இறங்குபவர்தான் நிறுத்தி வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சாலை விதி. பாதியில் நின்ற லோடு வண்டியை மறுபடி ஏற்றத்தில் கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று கிளட்ச்சைக் கேட்டுப் பாருங்கள்.

6. வளைவில் நிறுத்தி செல்ஃபி, குரங்குக்கு சிப்ஸ் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். வண்டி நின்றுவிட்டது. என்ன செய்வது?

வழக்கமாக நடப்பது இதுதான். பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரர் இரக்கப்பட்டு இறங்குவார். யாரோ ஒரு தாம்புக்கயிறு எடுத்து வருவார். பம்பரில் கட்டுவார்கள். "ம்ம், இழு!" பம்பர் கையோடு வந்துவிடும். பம்பர் இழுப்பதற்காகச் செய்யப்பட்டது இல்லை நண்பர்களே. நிறைய கார்களில் இழுவைக் கொக்கி தனியாக டூல் கிட்டில் இருக்கும். பம்பரில் ஒரு சின்ன மூடியைத் திறந்து அங்கே திருகி மாட்ட வேண்டும். கிளம்பும் முன்பே அது வண்டியில் இருக்கிறதா, எங்கே மாட்டுவது என்று பார்த்து வையுங்கள்.

ஏற்றத்தில் கயிறு கட்டி இழுப்பதாவது பரவாயில்லை. இறக்கத்தில் கயிறு கட்டி இறக்குவதைப் போன்ற முட்டாள்தனம் வேறு இல்லை. கயிறு இழுக்கத்தான் செய்யும், தடுக்காது. பின்னால் வரும் வண்டியில் எஞ்சின் இல்லை, அதனால் பிரேக் பூஸ்டர் இல்லை. அது வந்து முன் வண்டியின் முதுகில் ஏறும். கொண்டை ஊசியில் கயிறு நேர்கோட்டில்தான் போகும், சாலை அப்படிப் போகாது. பின்வண்டி வளைவின் உள்பக்கச் சுவரையோ கல்லையோ தேடிப் போகும். கட்டி இறக்கியே ஆக வேண்டும் என்றால் இரும்பு டோ பார் வேண்டும். அதைவிட நல்லது, வண்டியையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட். ஆட்டோமேட்டிக், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, எலெக்ட்ரிக் இவற்றுக்கு அதுதான் பாதுகாப்பான வழி. சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸோ மோட்டாரோ காலியாகலாம்.

1989-ஆம் ஆண்டு சாலை விதிகளே இதையெல்லாம் யோசித்திருந்தன. இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, கயிறு மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இழுக்கப்படும் வண்டியின் பின்னால் அறிவிப்பு எழுதி மாட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 2017-ல் அதற்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. எழுதி வைத்தது பழசோ புதுசோ, மலையில் கயிறு கட்டும் எவரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

உதவிக்கு போன் போடும்போது வளைவின் எண்ணைச் சொல்லுங்கள். "ஒரு பெரிய மரம் இருக்கு, பக்கத்துல பள்ளம் இருக்கு" என்றால் கொல்லிமலை முழுக்க அப்படித்தான் இருக்கும். எண் சொன்னால் வருபவர் நேராக வருவார். சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. அப்போது கீழே போகும் பஸ் கண்டக்டரிடம் எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பக்கத்திலேயே வைக்காமல், வளைவைத் தாண்டி முன்கூட்டியே தெரிகிற மாதிரி வையுங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் வருபவர்களுக்குச் சொல்ல ஆளுக்கொரு பக்கம் நில்லுங்கள்.

அப்புறம் அந்தக் கல். எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஆத்திரம் இது. வண்டி பின்னால் நகராமல் இருக்க சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பார்கள். சரி, வைக்கத்தான் வேண்டும். வண்டி கிளம்பியதும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரி பனியில், வேலை முடிந்து பைக்கில் வரும் உள்ளூர்க்காரர் வளைவில் திரும்பினால் நடுரோட்டில் தலை அளவு கல். யார் வைத்தது, எந்த ஊர் வண்டி, ஒன்றும் தெரியாது. பழிவாங்க ஆளில்லாத கொலை முயற்சி என்றுதான் இதைச் சொல்வேன். ரப்பர் கட்டையோ மரக்கட்டையோ இரண்டு வண்டியில் வைத்துக்கொண்டால் பெரிய செலவில்லை. கல்தான் வைத்தீர்கள் என்றால், கிளம்பியதும் ஒருவர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறுங்கள். பத்து செகண்ட் வேலை.

வண்டிக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அது எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணும். எந்த நிலையில் வருகிறது என்று பார்க்காது. கேரவன் சுற்றுலா என்று கொள்கையில் எழுதும் அரசு, மலையடிவாரத்தில் கேரவன் நிறுத்த ஒரு இடத்தையும் எழுத வேண்டும். காரவள்ளியில் தண்ணீர், கழிப்பறை, கழிவு கொட்டும் வசதி, காவலோடு ஒரு நிறுத்துமிடம். அங்கிருந்து மேலே போகச் சின்ன பஸ். கூடவே சீசன் நாட்களில் அடிவாரத்தில் ஒன்றும் செம்மேட்டில் ஒன்றுமாக ரெக்கவரி வண்டி. இழுவைக் கட்டணத்தை மாட்டிய வண்டிக்காரரிடமே வாங்கலாம். நிறுத்துமிடக் கட்டணத்திலிருந்தும் எடுக்கலாம்.

"இப்படியெல்லாம் சொன்னால் டூரிஸ்ட் வரமாட்டார்கள், உங்க ஊர் ஆட்களுக்குத்தானே நஷ்டம்?" என்று ஒரு நண்பன் கேட்டான். யோசித்துப் பாருங்கள். கட்டிலும் அடுப்பும் அரிசியும் வண்டியிலேயே கொண்டுவருபவர் எங்கள் ஊரில் எதற்குச் செலவு செய்யப் போகிறார்? வண்டியைக் கீழே விட்டு பஸ்ஸில் வருபவர்தான் மேலே அறை எடுப்பார், சாப்பிடுவார், வாடகை ஜீப் பிடித்து அறப்பளீஸ்வரர் கோவிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போவார், இறங்கும்போது அரைக்கிலோ மிளகும் ஒரு பலாப்பழமும் வாங்குவார். கேரவன் மேலே ஏறாமல் இருப்பதால் நஷ்டப்படும் ஆள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

ஆகவே வாங்க, கட்டாயம் வாங்க. ஜன்னல் ஓர சீட் பிடித்து, ஓட்டும் கவலை இல்லாமல் எழுபதையும் எண்ணிக்கொண்டே வாங்க. சாலை மட்டும் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

டிஸ்கி: "எங்க மாமா கேரவனில் போய் ஒரு கீறல் இல்லாமல் திரும்பினார்" என்று சொல்லப் போகிறவர்களுக்கு: மாமாவுக்கு வாழ்த்துகள். அவர் வைத்த கல்லை எடுத்தாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.